ஒன்பது மணிச் சொட்டு

போரா காற்று அடிக்கிற நாளில்
தெருவோரச் சங்கிலியைப் பிடித்து ஏறி வந்து
அதற்கு மேல் நாற்பத்தொரு படி.
விவாகரத்தாகிப் பத்தொன்பது வருஷம்.
இரவு ஒன்பதுக்கு இன்னமும்
ஃபுல்வியோவின் கதவைத் தட்டுகிறேன்.

மருந்து ஃப்ரிட்ஜில், முட்டைக் குழி ஒன்றில்.
"உட்கார். தலையைச் சாய். மேலே பார்."
"மேலே என்ன இருக்கிறது?"
"நீ வெள்ளையடிக்காத கூரை."
கீழிமையை இழுத்துப் பையாக்கி
ஒரு சொட்டு.
இரண்டாவது விழுந்தால் கன்னத்துக்குத்தான்,
அதன் விலையோடு.

பிறகு மூக்கை ஒட்டிய முனையில் என் சுட்டுவிரல்,
மருந்து தொண்டைக்கு இறங்கிவிடாதபடி.
இரண்டு நிமிஷம்.
இவ்வளவு நேரம் இவன் முகத்தைத் தொட்டபடி
சண்டையில்லாமல் இருந்ததாக
கல்யாணக் கணக்கில் எங்கும் இல்லை.

மருந்தின் குணமாம், இமைமயிர் நீண்டிருக்கிறது.
எழுபத்தாறு வயதில்.
அநியாயம்.

மார்ச் மாதம் ஆஸ்பத்திரியில்
ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள்.
உள்ளே எங்காவது ஒளிப்பொட்டு தோன்றும்;
தெரிந்தால் பொத்தானை அழுத்தவேண்டும்.
நான் திரைக்கு வெளியே.
டிக். டிக். டிக்.
ஒப்பிச்சினா மலைக்கு இருபத்தேழு வருஷம்
டிராம் ஓட்டியவனின் ஒழுங்கான தாளம்.
புரிந்துவிட்டது:
காணாததற்கெல்லாம் அழுத்துகிறான்.
பொய் சொல்லும்போது இவன் தாளம் பிசகாது.
முன்பும் கேட்டிருக்கிறேன்,
குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று,
உள்ளே தொலைபேசி.

போய்ச் சொன்னேன் டாக்டர் கோசினாவிடம்.
மறுபடி வைத்தார்கள்.
இம்முறை டிக்குக்கும் டிக்குக்கும் நடுவே
ஒரு ஆள் தும்மி, மூக்கைத் துடைத்து, கைக்குட்டையை மடித்து வைக்கலாம்.
அச்சாகி வந்த தாளில்
நடுவில் கொஞ்சம் வெளுப்பு, சுற்றிலும் கரி.

"கண்ணுக்குள் அழுத்தம். ஓரப்பார்வைதான் முதலில் போகும்,"
என்றார் டாக்டர்.
நான் சிரித்துவிட்டேன்.
அவருக்கு என்ன தெரியும்?
அந்தக் கடைக்கண்ணால்தான்
துறைமுக நடைபாதையில் என்னைப் பிடித்தான்.
அதே கடைக்கண்ணால்தான்
கையுறைக் கடை லிசெத்தாவையும்.
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு
நான் காவல் காத்த வருஷங்கள் உண்டு.
இப்போது அவன் கண்ணில் விடுகிறேன்.

காப்பிக் கோப்பை வலப்பக்கம்.
இடப்பக்கம் வைத்தவை மூன்று உடைந்தன.
கால் தடுக்கும் விரிப்பைச் சுருட்டிப்
பரணில் போட்டாயிற்று.
வெஸ்பா சாவி என் கோட்டுப் பையில்.
அதற்கு மட்டும் பதினோரு நாள் பேசவில்லை;
கூரையைப் பார்த்தான்,
சொட்டை வாங்கிக்கொண்டான்,
நன்றிகூட இல்லை.

ஒரு ராத்திரி கோபத்தில் நான் வரவில்லை.
மறுநாள் அவன் மூக்குக்கண்ணாடியில் காய்ந்த துளி,
சட்டைக் காலரில் ஒன்று,
புருவத்தில் வெள்ளையாய் ஒரு திட்டு.
குப்பி பாதி காலி.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
அன்றிலிருந்து எட்டு ஐம்பதுக்கே கிளம்புகிறேன்.

நேற்று, விரலடியில் கண் துடிக்க, கேட்டான்:
"போனது திரும்புமா, நெரினா?"
"திரும்பாது."
"அப்புறம் எதற்கு இது?"
"மிச்சம் இருக்கிறதே."
அடுத்த கண்ணுக்கு நகர்ந்தேன்.

இறங்கும்போது படிவிளக்கு
ஒரு நிமிஷத்தில் தானாக அணையும் ஜாதி.
நான் இரண்டாம் மாடி தாண்டுமுன் இருட்டும்.
ஆனால் இருட்டவில்லை.
மேலே, சுவரைத் தடவி
பொத்தானைக் கண்டுபிடித்து நிற்கிறான்.
டிக்.
திருப்பத்துக்கு இந்தப் பக்கம்
நான் அவனுக்குத் தெரியவே மாட்டேன்.
டிக்.
கீழ்க்கதவு சாத்தும் சத்தம் கேட்கும்வரை
காணாமலே அழுத்துகிறான்.

இதை மட்டும்
டாக்டரிடம் சொல்லவில்லை.